வெள்ளைக்கு அடியில் ஒரு பெயர்

வெர்னாவின் வீடு, ஏரியில் வண்டிகள் இறங்கும் சரிவுக்கு நேர் எதிரே இருந்தது. மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில் குளிர்காலத்தில் ஏரி உறைந்து தரையாகிவிடும். ஆட்கள் அதன்மேல் வண்டியை ஓட்டிப் போய், துளை போட்டு மீன் பிடிப்பார்கள். பனி தாங்குமா என்று தெரிய வேண்டுமென்றால் வெர்னாவின் சமையலறை ஜன்னலைப் பார்ப்பார்கள். அவள் கையாட்டினால் இறங்கலாம். மோசமென்றால் குளிரங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வாய்க்கு வந்தபடி திட்டித் திருப்பி அனுப்புவாள். இந்த உத்தியோகத்தை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, முப்பது வருடமாக அவளே பார்த்துவந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பண்டிகைக்குப் பண்டிகை சர்க்கரை பிஸ்கட் செய்து ஐசிங்கில் அலங்கரித்துக் கொடுப்பாள். இலையுதிர்காலத்தில் அவளுக்குத் தலை சொறிய நேரமிருக்காது. நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு, ஒவ்வொரு தட்டிலும் அவரவர் பெயர் எழுதிய மேப்பிள் இலை பிஸ்கட் இருக்க வேண்டும். பெயரைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். ஊரில் பாதி மேசைகளில் அவள் கையெழுத்துதான்.

ஐசிங் பொல்லாதது. முட்டை வெள்ளையில் பொடிச் சர்க்கரையை அடித்து, கெட்டியாக ஓரம் கட்டி, பிறகு இளக்கி உள்ளே நிரப்ப வேண்டும். நிரப்பிய கையோடு ஊசியால் தள்ளிச் சமன் செய்யாவிட்டால் ஆடை கட்டிக்கொள்ளும். அப்புறம் அழுது புரண்டாலும் திருந்தாது.

போன மார்ச்சில் ஈஸ்டர் பிஸ்கட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவளுடைய சிநேகிதி ஜோலீனின் மகன் டேரன் வண்டியோடு சரிவில் வந்து நின்றான். ஓடை வந்து சேரும் மூலையில் பனி சாம்பல் பூத்து இளகியிருந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். ஆனால் தட்டில் பாதிதான் நிரம்பியிருந்தது. இதை முடித்துவிட்டுப் போய்க் கத்தலாம் என்று நினைத்தாள். அவன் ஹாரன் அடித்தான். பழக்கத்தில் கையாட்டிவிட்டாள். தட்டை முடித்து நிமிர்ந்தபோது ஏரியின்மேல் வண்டி இல்லை.

அவனுக்கு இருபத்துநான்கு வயது.

வேலையாக இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று போலீஸ்காரரிடம் சொன்னாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஜோலீனைத் தாங்கிப் பிடித்தவளும் அவள்தான். நாற்பது வருடச் சிநேகம். உண்மையைச் சொன்னால் அவளுக்கென்று இருக்கும் ஒரே துணையும் போய்விடும். சொல்லாமல் இருந்ததற்கும் ஒரு கூலி கிடைத்தது. வேலையிலிருந்து நிமிரும்போதெல்லாம் சரிவில் ஒரு வண்டி நின்றது. பனியே இல்லாத ஜூலையிலும் நின்றது. ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிப் போட்டாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது.

நவம்பர் பிறந்ததும் ஜோலீன் போன் செய்தாள்.

"இந்த வருஷமும் பிஸ்கட் வேணும்டி. போன வருஷப் பேருங்கதான். எத்தனைன்னு உனக்கே தெரியும்ல?"

தெரியும். போன வருடம் பன்னிரண்டு. இந்த வருடம் பதினொன்று.

எட்டு வருடமாக ஒரே வரிசையில் எழுதிப் பழகிய கை. தாத்தா, அத்தை, மூத்தவன் என்று தானாக ஓடியது. அடர்பழுப்பில் 'டேரன்' என்று எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தப் பெயரைக் குப்பையில் போட மனம் வரவில்லை. தின்னவா முடியும்? வெள்ளை ஐசிங்கை இளக்கி மேலே ஊற்றி, முழுக்க மூடி, மற்ற இலைகளோடு காயவைத்தாள். ஈர வெள்ளைக்கு அடியில் அடர்நிறம் இருந்தால் காய்வதற்குள் கசிந்து மேலேறிவிடும். இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூட அது தெரியும். அன்றைக்கு மறந்துவிட்டது என்பாள் வெர்னா. அதை நம்புவது கஷ்டம்.

மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஜோலீன் வந்துவிட்டாள். வெர்னா முதுகைக் காட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்குடி?"

வெர்னா திரும்பினாள். பழுப்பு மேலே வந்திருந்தது. தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் கலங்கலாக, ஆனால் வாசிக்கும்படி, அவன் பெயர்.

"கை தவறி எழுதிட்டேன் ஜோலீன். மூடித்தான் வச்சேன்."

"மூடுனா போயிருமா? இதுல பழம் தின்னு கொட்டை போட்டவ நீ. உனக்கா தெரியாது?"

திரைக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்தது. ஜோலீனுக்குக் கேட்கவில்லை. வெர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் அவனப் பாத்தேன். பனி சரியில்லன்னும் எனக்குத் தெரியும். ஐசிங் காஞ்சிரும்னு வெளிய வரல. அவன் ஹாரன் அடிச்சான், கையாட்டிட்டேன். போலீஸ்காரர்கிட்ட பொய் சொன்னேன். உன்கிட்டயும்தான்."

ஜோலீன் அந்த இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"வண்டியில இருந்து போன் பண்ணான். 'அம்மா, பனி ஒரு மாதிரியா இருக்கு, திரும்பி வந்துரவா'ன்னான். 'வெர்னா என்ன பண்றா'ன்னு கேட்டேன். 'கையாட்டுறாங்க'ன்னான்."

வெர்னா திரை போட்ட ஜன்னலைப் பார்த்தாள்.

"'அப்புறம் என்னடா பயம், போய்ட்டு வா, சாயங்காலத்துக்கு மீன் வேணும்'னேன்." ஜோலீனின் குரல் ஏறவுமில்லை, உடையவுமில்லை. "அவங்க அப்பாவுக்குக்கூட இது தெரியாது. நீ உன்னோடத சொன்னா நானும் என்னோடத சொல்லலாம்னு எட்டு மாசமா பாத்துட்டு இருக்கேன்."

வெர்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜோலீன் வெகுநேரம் அதில் உட்காராமலே நின்றாள். வீட்டைவிட்டுப் போகவும் இல்லை.