கதவு வைத்த போர்க்கப்பல்

எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் பாண்டியர்களின் கதை பாதியில் நின்றுவிடும். தோற்றார்கள் என்று ஒரு வரி. அடுத்த பாடத்தில் வேறு யாரோ ஆள்வார்கள். ஆறாம் வகுப்பில் எனக்கு அது ஒப்பவில்லை. அவர்கள் தோற்காமல் இன்றுவரை ஆண்டிருந்தால் கொற்கையில் எப்பேர்ப்பட்ட கடற்படை நிற்கும் என்று யோசித்து, அதை நானே வரையத் தொடங்கினேன். சிவகாசி அச்சகமொன்றில் வேலை பார்த்த சித்தப்பா, அச்சு விலகிப்போன காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து தருவார். முன்பக்கம் முருகன் இரட்டையாகத் தெரிவார். பின்பக்கம் என் போர்க்கப்பல்கள் மீன்கொடியோடு அணிவகுக்கும். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

அந்த வருடம் அம்மா வேலை செய்த பட்டாசு ஆபீஸிலிருந்து (ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) சித்தப்பாவின் அச்சகத்துக்கு லேபிள் ஆர்டர் வந்தது. வெடிப்பெட்டி மேல் ஒட்ட ஒரு போர்க்கப்பல் வேண்டுமாம்.

"நல்லா ஒண்ணு போடுலே. முதலாளிகிட்ட காட்டுறேன்" என்றார் சித்தப்பா.

என் கப்பல் அச்சில் வரப்போகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பலைக் குறுக்கே வெட்டியதுபோல் உள்ளறைகள் தெரிய வரைந்தேன். அடிவயிற்றில் பெரிதாக ஒரு வெடிமருந்தறை, அதில் வரிசையாக வீரர்கள். வேலை விட்டு வந்த அம்மா, கையில் ஒட்டிய மருந்தைக் கழுவிவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"இந்த ரூம்ல எம்புட்டுப் பேருலே?"

"இருவது பேரு."

"கூடாது. நாலு பேருதான்."

"சண்டை நடக்கும்மா. நாலு பேரு பத்தாது. வேகமா குண்டு வேணும்."

"தீவாளி சீசன்னா ஆபீஸ்லயும் அப்படித்தான் சொல்லுவாக" என்றாள். "ரூமைத் தனித்தனியாப் பிரி. நாலு பக்கமும் கதவு வை. வெளிய பாத்துத் தொறக்கணும்."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என் கடற்படையில் தலையிட்டது அதுதான் முதல் தடவை. மறுக்கத் தோன்றாமல் பிரித்தேன். அறைக்கு அறை இடம் விடவிட, கப்பல் நீண்டுகொண்டே போனது. இன்னொரு முருகனை ஒட்டவேண்டியதாயிற்று. இரண்டு அறைகளுக்கு நடுவே வேப்பமரம் ஒன்றும் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, இது கப்பலா, பட்டாசு ஆபீஸா? கடலுக்குள்ள கதவு வச்சா தண்ணி வந்துராதா மதினி?"

"தண்ணிதான தம்பி? நீந்திக்கிடலாம்" என்றாள் அம்மா.

அவளுக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர்க் கண்மாயில் நீந்துமளவு தண்ணீர் நின்றதும் இல்லை.

தீபாவளி நெருங்கியபோது ஒருநாள் விடியற்காலையில் சித்தப்பா லேபிளோடு வந்தார். கப்பல் பளபளவென்று இருந்தது. மரத்தைக் காணோம். அறைகள் ஒன்றாகியிருந்தன. கதவுகள் இருந்த இடங்களில் பீரங்கிகள் நெருப்பைக் கக்கின.

"உங்க ஆபீஸ் முதலாளி கதவெல்லாம் வேண்டாமுன்னுட்டாரு மதினி."

எனக்கு இதுவே பிடித்திருந்தது. முதலாளிக்குப் போர் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அம்மா லேபிளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, கோலத்துக்குப் புள்ளி வைக்கும் கவனத்தோடு, பீரங்கிகளுக்கு இடையில் சின்னச்சின்னக் கட்டங்களாகக் கதவு வரைந்தாள்.

தெருமுனையில் ஆபீஸ் வேன் ஹாரன் அடித்தது. சீசன் என்பதால் அது வழக்கத்தைவிட முன்னதாகவே, நிற்க இடமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். என் கப்பலில் எத்தனை பேர் என்று அவள் கேட்டிருந்தாள். அவள் ரூமில் எத்தனை பேர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அச்சில் வந்த என் முதல் படத்தைக் கெடுத்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில், எச்சிலைத் தொட்டு, அவள் வரைந்த கதவுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன்.