மூக்கு மருந்தைத் தினமும் அடிப்பவர் யார்?

வீடு வீடாகக் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்குக் கதவு திறக்கும்வரை ஒரு கஷ்டம்தான். திறந்த பிறகு ஓராயிரம். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சிக்காக விசாரித்துக்கொண்டிருந்தேன். தினமும் அடித்தால், சில நாள் கழித்துத்தான் இந்த மருந்து கேட்கும். டேப்லெட்டில் உள்ள கேள்விப் படிவத்தின் 'தினமும்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு ஆளாவது சிக்காவிட்டால் இந்த மாதத்தோடு உனக்கு வேலை இல்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். டேப்லெட்டும் கையுமாகப் படியேறிய சகபாவிகளே, கேளுங்கள்.

வாஷ்பேசினுக்கு வைத்தியம்

தி.நகரில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "தினமும் தவறாம அடிக்கிறேன்" என்றார். அவர் காலில் விழலாமா என்றிருந்தது. கட்டத்தைத் தொடப்போன நேரம், உள்ளேயிருந்து புஸ் புஸ் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், அவர் மனைவி ஸ்பிரே பாட்டிலை வாஷ்பேசினுக்குள் அமுக்கிக்கொண்டிருக்கிறார்.

"சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம்மா. அவர் பாட்டிலை ஆட்டிப் பார்ப்பார். அப்படியே இருந்தா இவரைத் திட்டுவாரே!"

கச்சேரி நாள் மூக்கு

மயிலாப்பூரில் ஒரு பாடகி. கச்சேரி அன்றைக்கு மட்டும், மேடை ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் அடித்துக்கொள்வாராம். அப்படியும் அடைப்பு போகவில்லை என்று டாக்டர் மேல் கோபம் வேறு. தினமும் சாதகம் செய்யாமல் பாட முடியுமா மாமி, அதுபோலத்தான் இதுவும் என்றேன். நல்ல உதாரணம் சொல்லிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை.

"சாதகம் பண்ணவே நேரமில்லாம தவிச்சுண்டிருக்கேன், இதுல மூக்குக்கு வேற தனியா சாதகமா?"

குளோரியம்மாவின் பாட்டில்

மாதக் கடைசி நாள். அலுத்துப்போய் அடையாறில் ஒரு தெருமுனையில் நின்றேன். அங்கே மீன் விற்கும் குளோரியம்மா, கொட்டிவாக்கத்துக்காரர், சுருக்குப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். தலையைக் குனிந்து, அளவாக, டாக்டர்கள் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்லிக் கொடுப்பதுபோலவே அடித்துக்கொண்டார். தினமுமா என்று கேட்டேன். தினமும்தானாம்.

பல மாதமாக அவருக்கு மூக்கடைப்பு, வாசனையே தெரியவில்லை. செவுளை முகர்ந்தும் தெரியாமல் கெட்ட மீனை விற்றுவிட, வாடிக்கைக்காரர்கள் விலகிப்போனார்கள். எதிர் அடுக்குமாடியில் ஒரு அம்மா, இதெல்லாம் எனக்குச் சரிப்படாது என்று, பிரிக்காத பாட்டிலை இவரிடம் தந்துவிட்டாராம். உள்ளே இருந்த தாளை மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது வாரம் மீன் வாசம் திரும்பி வந்ததாம். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. டேப்லெட்டைத் திறந்தேன். 'மருந்துச் சீட்டு உங்கள் பெயரில் உள்ளதா?' இல்லை. 'நன்றி, நேர்காணல் முடிந்தது' என்று திரை மூடிக்கொண்டது. நடுத்தெருவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்காமல் அடுத்தவர் மருந்தை அடிக்கலாமா என்று அவர்மேல்தான் எரிந்து விழுந்தேன்.

"சீட்டு வச்சினு கீறவங்க அடிக்க மாட்டறாங்க. தெனிக்கும் அடிக்கிற எனுக்கு சீட்டு இல்ல. இன்னா கணக்குமா உன்து?"

ஊரிலேயே ஒழுங்காக மருந்து போகும் ஒரே மூக்கு எந்தக் கணக்கிலும் வராது என்று கண்டுபிடித்ததோடு என் ஆராய்ச்சியும் முடிந்தது, வேலையும் முடிந்தது.