குரவைக்கு எத்தனை பிட்?

ஒரு குரலுக்கு எவ்வளவு இடம் போதும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? போர் முடிந்த பின்னர், மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பணியாற்றியபோது இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது.

கடற்கோளில் இடம்பெயர்ந்த ஊர்களின் கோயிற் சடங்குப் பாடல்களை ஒலிநாடாக்களிலிருந்து கணினிக்கு மாற்றி, எம்பி3 கோப்புகளாகச் சுருக்கி, ஒரே இறுவட்டில் (சிடியில்) வீடுதோறும் கொடுப்பது திட்டம். மாற்றுவது என் வேலை. எப்படிச் சுருக்குவது என்பதைத் திட்டத்தின் இணைப்பாளர் தீர்மானித்தார். அவர் தேர்ந்தது மாறா வீதம், அதிலும் மிகக் குறைந்தது. அந்த முறையில் எல்லா நொடிக்கும் ஒரே எண்ணிக்கையில் பிட்டுகள், அதாவது ஒலியைச் சேமிக்கும் இடம், கிடைக்கும். இறுவட்டின் தொடக்கத்தில் இருந்த தமது நீண்ட வாழ்த்துரையில் அவர் செருமுவதற்கும், கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கில் பெண்கள் நாவைச் சுழற்றிக் கூடியெழுப்பும் குரவையொலிக்கும் ஒரே பங்கு. பங்கு போதாத இடத்தில் ஒலியின் நுணுக்கங்கள் வெட்டுப்படும்.

குளிர்த்தி நாடாவைத் தந்த அம்மா மாதிரியைக் கேட்கக் கல்குடாவிலிருந்து வந்தார். அவருடைய மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டோடு படங்களும் போயின. கடல் எட்டாத படுவான்கரையில் உறவினருக்கு இரவல் கொடுத்திருந்ததால், மகளின் குரவை பதிந்த அந்த நாடா மட்டும் தப்பியது. பூஞ்சணம் பிடித்திருந்த அதுவும் நாங்கள் பிரதியெடுத்த கையோடு அறுந்துவிட்டது.

குரவை வந்ததும் அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

“என்ன புள்ள, தண்ணிக்குள்ள இருந்து கேக்கிற மாதிரிக் கிடக்கு. என்ட மகள் குரவை போட்டா நடுவில சிரிச்சிருவாள். அந்தச் சிரிப்பு எங்க?”

“பழைய நாடா அம்மா, அப்பிடித்தான் கேக்கும்” என்றார் இணைப்பாளர்.

“நாடாவில கேட்டவள்தானே நான். எதை வெட்டினீங்க?”

அம்மா போன பிறகு இணைப்பாளரிடம் சொன்னேன்: “சேர், மாறும் வீதத்தில போடுவம். பேச்சுக்குக் குறையும், குரவைக்குக் கூடும்.”

“பழைய பாட்டுச் செட்டுகளில அது ஓடாது தங்கச்சி. ஓடினாலும் ஒரு வட்டில எல்லாம் கொள்ளாது. அட்டையும் அச்சடிச்சாச்சு. சுருக்காத மூலக் கோப்புகளையும் அழியுங்க, கணினியில இடமில்ல.”

முதல் தடையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒருவருக்கு நியாயம் செய்யப் போய், ஏனைய வீடுகளில் ஓடாத வட்டைக் கொடுப்பது அநியாயம். மாறும் வீதத்தில் ஒரு மாதிரி செய்து ஆட்டோத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு ஆட்டோவின் பழைய செட்டிலும் போட்டுப் பார்த்தேன்.

“பாட்டு ஓடுது, நேரம்தான் பிழையாக் காட்டுது” என்றார் ஒரு சாரதி. “மணி பார்த்தா அக்கா பாட்டுக் கேக்கிறது?”

இடம் மட்டும் உண்மையிலேயே போதவில்லை. சராசரி வீதம் என்ற நடுவழி இருந்தது. ஆனால் மொத்தத்தைக் கட்டுக்குள் வைக்க, குரவை உயரும் இடத்திலேயே அது கையை இறுக்கும். அதை மறுத்தேன். எதை நீக்குவது? ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் ஊர் இருந்தது. வாழ்த்துரைக்கு ஊர் இல்லை. அதை எடுத்ததும் மாறும் வீதத்தில் எல்லாப் பாடல்களும் ஒரே வட்டில் அடங்கின; மறுநாள் அந்த வட்டை இணைப்பாளரின் மேசையில் வைத்தேன்.

“என்ட பேச்சு எங்க?”

“உங்கட பேச்சை நீங்க திரும்பப் பேசலாம் சேர்.”

“மூலக் கோப்புகளை அழிச்சாச்சோ?”

“இல்ல. அழிக்கவும் மாட்டன். சுருக்காத குளிர்த்திப் பிரதி அந்த அம்மாவுக்குப் போயிட்டு.”

அவர் வட்டை எடுத்து அட்டைக்குள் செருகினார். குறைந்த வீதத்தில் வெளியிட்டால், எது வெட்டப்பட்டது என்பதைக் காட்ட அந்த அம்மாவிடம் இப்போது சான்று இருந்தது. வட்டு வாழ்த்துரை இல்லாமலே ஊர்களுக்குப் போனது. என் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை.

கல்குடா வீட்டில் மகளின் சிரிப்பு கேட்கிறது. அதன் பின் நான் எங்கு வேலைக்குச் சேர்ந்தாலும், மூல ஒலிப்பதிவை அழிக்கச் சொல்லக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.