பத்துக் கத்தரிகளும் நாற்பது பெண்களும்

மழை ஈரத்தோடு கலந்த புது இரும்பின் எண்ணெய் வாடை... அந்தக் காலையை நினைத்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்து மூன்று மாதம். கையால் கொழுந்து பறித்தது போதும், இனிக் கத்தரியால் வெட்ட வேண்டும் என்று தோட்ட மேலாளரான துரை முடிவெடுத்திருந்தார். அவர் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. கத்தரி, கையுறை, யாருக்கு எந்த மலை என்ற பட்டியல்... எல்லாம் தயார். எட்டு மணிக்குள் வேலை தொடங்காவிட்டால் போன் பண்ணு என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், நாலு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் பத்துக் கத்தரிகளைச் சாக்கின்மேல் பரப்பிவிட்டு, துரையின் நோட்டீஸை வாசித்தேன். நாற்பது பெண்கள் நின்றார்கள். ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை... மணி ஏழே முக்கால்.

இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிற புஷ்பம் அக்காதான் கேட்டார்.

"ஐயா, நீங்க இத ஒரு தடவையாச்சும் புடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். பொய் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு மலையில் ஏறினேன். பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கப் பயம். முதல் வெட்டிலேயே முற்றல் இலையும் குச்சியுமாக விழுந்தது. ஐந்து நிமிடத்தில் கை மரத்துப்போனது. யாரோ சிரித்தார்கள். புஷ்பம் அக்கா வந்து கத்தரியை வாங்கினார். வெட்டவில்லை.

"எனக்குத் தோள்ல நோவு இருக்குங்க. முடியலன்னு சொன்னா, பேர வெட்டிருவீங்களா?"

நாற்பது பேரையும் நிறுத்தி வைத்தது அந்தப் பயம்தான். வேலை போய்விடுமோ என்ற பயம்... எனக்கிருந்த அதே பயம்.

"முடியாதவங்க கையாலயே பறிங்க. யாரு பேரையும் வெட்ட மாட்டேன்."

அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது. ஆனால் தோள் தாங்கும் வரை பார்க்கிறேன் என்று அவர் வெட்டத் தொடங்கினார். ஒவ்வொருவராக மற்றவர்களும்...

துரைக்குப் போன் பண்ணினேன். சொன்னதையெல்லாம் ஒப்புவித்தேன். அதையும் பட்டியலில் எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் என் வாக்கு ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

இப்போது பதுளையில் ஓர் ஆபீஸில் எனக்குக் கீழே பதினைந்து பேர். போன வாரம் புதிய கம்ப்யூட்டர் முறை வந்தது. எல்லாரும் அதற்கு மாற வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன். ஒரு நிமிடத்தில் பதினைந்து கட்டைவிரல்.

அன்று என்னிடம் கேட்க ஒருத்தர் இருந்தார். இந்தப் பதினைந்து பேரில் யாருக்குப் பயம் என்று எனக்குத் தெரியவில்லை...

என்னைப் பார்த்தே பயப்படுகிறார்களோ என்னவோ.