எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், வயிறு மட்டும் இல்லை

கிறிஸ்துவில் பிரியமானவர்களே, நான் ஸ்டெல்லா. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் வயிற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஜெபக் கூட்டத்தில் பேசுகிற விஷயமா என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் மூன்று வருடம் வாயே திறக்கவில்லை.

காலையில் வயிற்றை முறுக்கும். ஐந்து தடவை ஓடுவேன். அடுத்த நாலு நாள் ஒன்றுமே போகாது, வயிறு பந்து மாதிரி உப்பிக் கிடக்கும். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்ல மேடம், டென்ஷனைக் குறைங்க." அதைக் கேட்டாலே எனக்கு டென்ஷன் ஏறும். மாமியார் ஓமத்தண்ணி கொடுத்தார். பக்கத்து வீட்டம்மா திருஷ்டி என்றார். என் கணவர் அந்தோணி, "எல்லாம் உன் மனசுலதான் ஸ்டெல்லா" என்றார். அன்று தட்டைத் தூக்கி எறியாதது பெரிய விஷயம்.

ஒரு ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க ஏறினேன். பாதியில் இறங்கி ஓடினேன். கோவில் முழுக்கப் பார்த்தது. அன்று ஆண்டவரிடம் மரியாதை இல்லாமல்தான் பேசினேன். "ஏதாவது ஒரு வியாதியையாவது ரிப்போர்ட்டில் காட்டும். இல்லாவிட்டால் என்னை நம்புகிற ஒரே ஒரு ஆளை அனுப்பும்."

போன தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, ராஜினாமாக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அடையாறில் பஸ் ஏறினேன். பட்டினப்பாக்கத்துக்கு அருகே வண்டி நகரவேயில்லை. வயிறு முறுக்கியது. இறங்கிவிட்டேன். எங்கே போவது? ரோட்டோரம் நின்று அழுதேன்.

மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். "இன்னாம்மா, வயிறா? வா, என் வூடு இங்கதான் கீது." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார்.

அவர் வீட்டுக் கழிவறையிலிருந்து நான் வெளியே வந்ததும் தண்ணீர் கொடுத்தார். பெயர் செல்வி என்றார். "வெக்கப்படாத. எனுக்கும் இதே ரோதனதான். கூடைய வுட்டுட்டு எத்தினி தபா ஓடிக்கீறேன் தெரியுமா? கெவுருமெண்டு ஆஸ்பத்திரில ஒரு லேடி டாக்டரு கீறாங்கோ. அவங்கதான் என்னிய குந்தவெச்சு காது குட்து கேட்டாங்கோ. நாளைக்கே போ."

போனேன். அந்த டாக்டர் அவசரப்படவில்லை. ரத்தம் போகிறதா, எடை குறைகிறதா, வலி தூக்கத்தில் எழுப்புகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய ரிப்போர்ட்டுகளை முழுக்கப் படித்தார்.

"இதுக்கு ஐ.பி.எஸ்.னு பேர், இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். குடல் பார்க்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யறதுல கோளாறு. குடலும் மூளையும் பேசிக்கிறது சரியா இருக்காது. உங்க வலி நிஜம்மா."

நிஜம். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். அங்கேயே அழுதேன்.

சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னார். எனக்கு ஒத்துக்கொள்ளாதவை பாலும் வெறும் வயிற்றுக் காபியும் என்று தெரிந்தது. மாத்திரையும் உண்டு. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அந்தோணி டாக்டரிடம் கூட வந்து கேட்டுவிட்டு, வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார்.

முழுக்கக் குணமாகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கெட்ட நாட்கள் இன்னும் வருகின்றன. ஆனால் நான் கேட்டது ஒரே ஓர் ஆள். ஆண்டவர் இரண்டு பேரை அனுப்பினார். அவருக்கு ஸ்தோத்திரம். இங்கே யாராவது வாயை மூடிக்கொண்டு தவிக்கிறீர்களா? அவரிடம் கோபமாகவே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டுவிட்டு, தயவுசெய்து டாக்டரிடமும் போங்கள்.