போன பாடத்துல மைன்ஸ்ல இருந்தவங்களுக்கு ஒரு புக்கு

ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு வெப் புரோகிராமிங் சொல்லிக் குடுக்குறதுகூட ஈஸிங்க, அதுக்கு ஒரு புக்கு எடுக்குறதுதான் மண்டையைக் காய வெக்குது. எங்கயாவது கிளாஸ் எடுத்து மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்றது புரியும். பகல்ல நான் காலேஜ் ஸ்டூடண்ட். சாயங்காலம் நெய்வேலி டவுன்ஷிப் மார்க்கெட் மாடியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பிகினர்ஸ் பேட்சுக்கு மிஸ். ஓனர் சார் வந்தாரு, கண்டிஷன் போட்டாரு: "ஒரு புக்கு எடு. மாசக் கடைசிக்குள்ள உன் ஆளுங்க அதைப் பாத்துத் தானா ஒரு வெப் பேஜ் போடணும். இல்லன்னா பேட்சை மூடிட்டு டைப்பிங் கிளாஸ் வெச்சிடுவேன்." மூடுவாராம். நான் பாத்துக்கிட்டு சும்மா இருப்பேனாம்.

தூக்கிப் பாரு

சாரே ஒரு புக்கை எடுத்து டேபிள் மேல போட்டாரு. டேபிள் அதிர்ந்து மவுஸ் கீழ விழுந்துச்சு. செங்கல்லுக்கு அட்டை போட்ட மாதிரி இருந்துச்சு. "சார், மவுஸைப் பிடிக்கவே இப்பதான் கத்துக்கறாங்க, இதை எப்படிப் படிப்பாங்க?"ன்னு கேட்டேன். "நீங்க படிச்சீங்களா?"ன்னும் சேத்துக் கேட்டேன். ரெண்டாவது கேள்வி அவரு காதுல விழவே இல்ல.

"வெயிட்டா இருந்தாதாம்மா சேர வர்றவன் மதிப்பான், உள்ள என்ன இருக்குன்னு எவன் பாக்குறான்?"

லுங்கி எப்ப வரும்?

சரின்னு அதையே ஆரம்பிச்சோம். முதல் பாடம் இன்டர்நெட் வரலாறு. ரெண்டாவது பாடம் அந்த வரலாத்தோட தொடர்ச்சி. யாரோ எந்த நாட்டுலயோ ஒயர் இழுத்துக்கிட்டே இருந்தாங்க, ஒரு பேஜும் வந்தபாடில்ல.

குறிஞ்சிப்பாடியிலேருந்து பஸ் ஏறி வர்ற விஜயா அக்காதான் முதல்ல பொறுமையை விட்டாங்க. அவங்க வூட்டுல தறி ஓடுது. நெய்யுற லுங்கியெல்லாம் போட்டோவோட ஒரு பேஜ்ல போட்டு, நடுவுல ஆள் இல்லாம தானே விக்கணும்னு வந்து சேந்தவங்க. பேட்சை மூடினா அவங்களுக்கு அவ்ளோதான், டைப்பிங் கத்துக்கிட்டு லுங்கியை எங்க விக்கிறது? புக்கை மூடி என் பக்கம் தள்ளினாங்க.

"பாப்பா, கடைக்கு வந்தவன்கிட்ட பருத்தி எங்க வெளஞ்சுதுன்னு கதை சொல்லிக்கினு இருந்தா அவன் எப்ப லுங்கி வாங்கிக்கினு போவான்?"

உலகத்துக்கு ஒரு வணக்கம்

அடுத்தது நான் தேர்ந்தெடுத்த புக்கு. காலேஜ்ல எனக்குக் குடுத்தது. எனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்னு ஒரு திமிரு. முதல் பயிற்சியே, 'உலகமே வணக்கம்'னு திரையில வரவெக்கணும். எல்லாரும் டைப் பண்றாங்க. வடலூர் ஞானவேல் அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கினு உக்காந்திருக்காரு. நிலக்கரி மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் முடிச்சு நேரா வந்த மூஞ்சி. "ஏன்ணே போடல?"ன்னேன்.

"உலகம் திருப்பி வணக்கம் வெக்கவா போவுது மிஸ், எங்க சூப்பர்வைசரே வெக்கறதில்ல!"

'முன்பே பார்த்தபடி'

அந்தப் புக்குல எந்தப் பாடத்தைத் திறந்தாலும் 'முன்பே பார்த்தபடி'ன்னுதான் ஆரம்பிக்கும். எழுதினவருக்கு நெய்வேலி தெரியாதுபோல. இங்க பாதிப் பேருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். விடிகாலையில போற ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம் தூங்கி வழிஞ்சுக்கிட்டு வருவாங்க, ராத்திரி வரைக்கும் ஓடுற செகண்ட் ஷிப்ட் வாரம் வரவே மாட்டாங்க. ஒருத்தர் மூணாம் பாடத்துல இருப்பாரு, பக்கத்து சீட்டுக்காரரு ஏழுல இருப்பாரு.

இது தெரிஞ்சும் எனக்குக் கோவம் வந்துச்சு. "போன பாடத்துலதானண்ணே லிங்க் போடச் சொல்லிக் குடுத்தேன், எங்க இருந்தீங்க?"ன்னு ஞானவேல் அண்ணன்கிட்ட கத்திட்டேன். அவரு கத்தல.

"போன பாடத்துல நான் மைன்ஸ்ல இருந்தேன் மிஸ்."

இது புக்கா?

அப்பதான் எனக்கு உறைச்சுது. எந்தப் பாடத்தைத் திறந்தாலும் வெத்துப் பக்கத்துல ஆரம்பிச்சு, அந்தப் பாடத்துக்குள்ளயே ஒரு பேஜை முடிக்கிற புக்கு வேணும். வடலூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பழைய புக் கடையைத் தலைகீழாப் புரட்டி ஒண்ணு புடிச்சேன். சன்னமா, தமிழ்ல, படத்தோட. ஓனர் சார் அதை ரெண்டு விரல்ல தூக்கிப் பாத்தாரு.

"இது புக்கா இல்ல கல்யாண மண்டபத்து நோட்டீஸா?"

ஒண்ணுமே தெரியாத ஆள்

மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. சார் சோதனைக்கு வந்துட்டாரு. அவரு ஒரு ஆளைக் காட்டுவாராம், அவரே ஒரு பாடத்தைத் திறப்பாராம், நான் வாயைத் திறக்கக் கூடாதாம். செகண்ட் ஷிப்ட் வாரம் முடிச்சு அன்னிக்குத்தான் வந்த ஞானவேல் அண்ணனைக் காட்டினாரு. அந்தச் சன்னப் புக்குல கட்டம் போடுற பாடத்தைத் திறந்தாரு. அண்ணன் புக்கைப் பாத்து, தப்பா அடிச்சு, அழிச்சு, மறுபடி அடிச்சு, யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட்னு ஒரு அட்டவணையே போட்டுட்டாரு. சார் ஒத்துக்குவாரா? "இவன் வூட்டுல பண்ணிப் பாத்திருப்பான்"னாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். "அப்ப ஒண்ணுமே தெரியாத ஆளா ஒருத்தரை நீங்களே புடிச்சு உக்கார வெய்ங்க சார்!"

ரூம்ல அப்படி ஆளே இல்ல. விஜயா அக்கா ரொம்ப அப்பாவியாக் கேட்டாங்க: "சார், நீங்க என்னிக்காவது ஒரு பேஜ் போட்டிருக்கீங்களா?"

சார் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. அவரோட புக்கைத் திறந்தாரு, புரட்டினாரு, நைஸா மூடினாரு. என் சன்னப் புக்கை இழுத்துக்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல திரையில செவப்பா அவரு பேரு வந்துச்சு. சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சாரு. "இதையே எல்லாருக்கும் வாங்கும்மா"ன்னாரு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே. விஜயா அக்கா பையை மாட்டிக்கினு, "மூடுற நேரம் ஆச்சு, எழுந்திரிங்க சார்"ன்னாங்க.

"நீ கெளம்பும்மா, என் பேரு இன்னும் ஓரத்துலயே நிக்குது, நடுவுக்கு வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

புக்கு முடிவாச்சு, பேட்சும் பொழைச்சுது, ஆனா ஓனரை மிஸ் ஃபெயில் போடலாமா கூடாதான்னுதான் எந்தப் புக்குலயும் போடல.