கார்ஸ்டன் துரையின் கடைசி ஆட்டமும் தேவசகாயம் சயாவும்

சனிக்கிழமை மாலை அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்த கைலியோடு வந்து வாசற்படியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. "சயா போயிட்டார்" என்றார். அம்மா அடுப்பை அணைத்தாள். அன்று இரவு ஒன்பதரை மணிக்கு நான் பழக்கத்தில் பலகைச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அந்தப் பக்கம் சயாவின் மனைவி மேரி ஆன்ட்டி தனியாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை நான் எழுதுவது மேரி ஆன்ட்டிக்கும், சனிக்கிழமைகளில் சயாவின் வீட்டில் கூடிய உங்கள் ஆறு பேருக்கும். உங்களில் ஒருவர் என் அப்பா. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கொசுவலைக்குள் மெழுகுவர்த்தியைத் தட்டில் ஒட்டிவைத்து எழுதுகிறேன். ஆலயத்தின் ஞாயிறு வகுப்பில் கற்ற தமிழ்தான் எனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். வார்டு அலுவலக ஆட்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாடம் நடத்தாத அவரை நாம் எல்லோரும் சயா, அதாவது பர்மிய மொழியில் ஆசிரியர், என்றே அழைத்தோம். துறைமுகத்தில் முப்பது வருடம் தட்டச்சு எழுத்தராக இருந்தவர். மிஷன் பள்ளியில் படித்த ஆங்கிலம். தின்கன்ஜூனில் எங்கள் வரிசை வீட்டில் அவருடையது கடைசிப் பகுதி, எங்களுடையது அதற்கு முந்தையது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். சனிக்கிழமை இரவு அவர் சிற்றலை ரேடியோவைத் தலையணைக்குள் புதைத்து, காதை அதில் அழுத்திக்கொண்டு, இங்கிலாந்தில் அந்த நேரம் நடக்கும் கால்பந்தாட்டத்தைத் தமிழில் கிசுகிசுப்பார். சத்தம் வெளியே போகக் கூடாது. அதனால் வர்ணனையாளர் கார்ஸ்டன் துரையின் குரலை உங்களில் யாரும் கேட்டதே இல்லை. துரை சொன்னது எல்லாம் சயாவின் வாய் வழியாகத்தான் உங்களுக்கு வந்தது. எனக்கு அதுவும் பலகை இடுக்கு வழியாக வந்தது.

"வலது ஓரம்... இன்னும் வலது ஓரம்... ஒருத்தனை ஏமாத்திட்டான்... உள்ளே தூக்கிப் போட்டான்... தலை!" அதன் பிறகு ஒரு சத்தமும் இருக்காது. கோல் விழுந்தால் கத்த முடியாது. ஏழு பேரும் உட்கார்ந்த இடத்திலேயே தொடையில் குத்திக்கொள்வீர்கள் என்று அப்பா பிறகு சொன்னார். எனக்குத் தரைப் பலகை அதிர்வதுதான் கோல். பாதி ஆட்டத்தில் ஊரடங்கு தொடங்கிவிடும். ஆகையால் தாகேதாவிலிருந்து வரும் கோ சேவியர் உள்பட எல்லோரும் விடியும்வரை அங்கேயே படுத்திருந்து, மீன் குழம்பு ஊற்றிய மொய்ங்கா சாப்பிட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போவீர்கள். இரவு தங்குகிறவர்கள் பெயரை வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். யாரும் கொடுத்ததில்லை.

சயா பொறுமைசாலி இல்லை. நடுவில் யாராவது ஸ்கோர் கேட்டால் எரிந்து விழுவார். "ஸ்கோர் வேணும்னா புதன்கிழமை பேப்பரைப் பாரு. ஆட்டம் வேணும்னா வாயை மூடு." ஒருநாள் இங்கிலாந்தில் பனி மூட்டம். துரைக்கு எதிர்ப்பக்கக் கோல் கம்பம் தெரியவில்லை. இங்கே ரேடியோவில் ஒரே இரைச்சல்.

"சயா, உங்க துரை தூங்கிட்டாரா?" என்றார் கோ சேவியர்.

"அவருக்குக் கண்ணு தெரியலையாம். எனக்குக் காது கேக்கல. உனக்கு வாய் மட்டும் நல்லா இருக்கு."

அன்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். நானும் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

துரையின் வாழ்க்கை முழுவதும் சயாவுக்கு மனப்பாடம். துரை ஆட்டத்துக்கு நடுவே தன்னைப் பற்றி எப்போதாவது உதிர்க்கும் ஒரு சொல், இரண்டு சொல். அவற்றைப் பல வருடங்களாகப் பொறுக்கி ஒரு நீல நோட்டில் ஆட்டக் குறிப்புகளோடு எழுதி வைத்திருந்தார். சிறு வயதில் துரை கோல்கீப்பர். விரல் உடைந்து ஆட்டம் போனது. பிறகு ஊர்ப் பத்திரிகை, பிறகு வானொலி. முதல் நாள் மைக்கைக் கவிழ்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டாராம். "நான் டைப்ரைட்டர் முன்னாடி உட்கார்ந்த வருசம் அவர் மைக் முன்னாடி உட்கார்ந்தார். யாரு கொடுத்து வச்சவன்?" என்று சயா கேட்பார். "டைப்ரைட்டருக்குப் பென்சன் உண்டு சயா" என்று காஜா பாய் சொல்வார். சந்தை ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் காஜா பாய்க்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் துரையைப் பற்றி அதிகம் கேட்டவர் அவர்தான்.

ஒரு வெயில் கால இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சயாவின் குரல் நின்றுவிட்டது. கோ சேவியர்கூடக் கேலி செய்யவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆட்டம் நின்னுபோச்சு. கூட்டத்துல நெரிசல். சனங்க புல்லு மேல கெடக்காங்க. விளம்பரப் பலகையைப் பிடுங்கி அதுல தூக்கிட்டுப் போறாங்க."

"எத்தனை பேரு சயா?" என்று அப்பா கேட்டார்.

"துரை சொல்றார்: எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கறதை மட்டும் சொல்றேன். பாக்காததைச் சொல்ல மாட்டேன்."

அதற்கு முந்தைய வருடம் நம் தெருமுனையில் குண்டடிபட்டுக் கிடந்தவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. சயா மட்டும், "இப்படிச் சொல்றதுக்கு நம்ம ஊர்ல ஒருத்தன் இல்லாமப் போயிட்டானே" என்றார். அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தார்.

இனி எழுத வேண்டியது எனக்குக் கடினமானது.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, வகுப்பில் பையன்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசு நாளிதழில் புதன்கிழமைதான் வரும். யாரும் என்னோடு அதிகம் பேசாத வகுப்பு அது. "இரண்டுக்கு ஒன்று. கடைசி கோல் இடது பக்கக் கார்னரிலிருந்து தலையால் அடித்தது" என்றேன். சிரித்தார்கள். புதன்கிழமை பேப்பர் வந்தது. சிரிப்பு நின்றது. அவர்களில் ஒருவனின் அப்பா வார்டு அலுவலகத்தில் இருக்கிறார். அவன் மரியாதையாக, ஒரு பெரிய மனிதனைப் போல, "உனக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது?" என்று கேட்டான். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு வகுப்பே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எங்க வீட்டுச் சுவர் சொல்லும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு அது கெட்டிக்காரப் பதிலாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை, பாதி ஆட்டத்தில், விருந்தாளிப் பட்டியல் சோதனை என்று வந்தார்கள். உங்களில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலையில் வீடு திரும்பினீர்கள். சயாவையும் ரேடியோவையும் நீல நோட்டையும் கொண்டுபோனார்கள். அன்று காஜா பாய் மட்டும் வரவில்லை. அவர் மகனுக்குக் காய்ச்சல். காட்டிக் கொடுத்தது யார் என்பதற்கு மதியத்துக்குள் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது. "வராதவன் யாரு? அவன்தான்" என்று அப்பாவே சொன்னார். நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

நோட்டில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயர், நேரம், இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்குச் சைபர். அவர்களுக்கு அது ரகசியச் செய்தியாகத் தெரிந்தது. "இந்த இடது ஓரம் எந்தத் தெரு? உள்ளே தூக்கிப் போட்டான் என்றால் எதை?" என்று பக்கம் பக்கமாகக் கேட்டார்களாம். துரையின் பெயரைச் சொன்னபோது, அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டார்களாம். இதை மேரி ஆன்ட்டி அம்மாவிடம் சொல்லும்போது ஒரு தடவை சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து, மழை தொடங்கியபோது சயாவை விட்டார்கள். ரிக்‌ஷாவிலிருந்து அவரை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. குரல் தேய்ந்துபோயிருந்தது. நான் கஞ்சி கொண்டுபோனேன். மேரி ஆன்ட்டி வெளியே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சயா என்னை நெடுநேரம் பார்த்தார். அதற்கு முன் அவர் என்னோடு பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை.

"சுவர் நல்லா இருக்கா?" என்றார்.

நான் கஞ்சியைத் தட்டில் சிந்திவிட்டேன். அவருக்கு அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் ஆன்ட்டி வந்துவிட்டார். சயா கண்ணை மூடிக்கொண்டார். சாகும்வரை அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, என்னிடமும், வேறு யாரிடமும்.

உங்களிடம் அவர் ஒன்று சொன்னார். "காஜா இல்ல. அவனை வரச் சொல்லுங்க." மேரி ஆன்ட்டி, "அப்ப யாருன்னு சொல்லுங்க" என்றார். சயா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். கிறிஸ்தவ மனசு, மன்னிச்சுட்டார் என்று நீங்கள் முடிவு செய்துகொண்டீர்கள். அவர் மன்னித்தது காஜா பாயை அல்ல. காஜா பாயைக் காப்பாற்ற வேண்டுமானால் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு வயது பதினான்கு. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவர் உள்ளே இருந்தபோது கார்ஸ்டன் துரை ஓய்வு பெற்றுவிட்டார். மே மாதக் கோப்பை இறுதி ஆட்டம்தான் கடைசி என்று துரை முன்பே சொல்லியிருந்தாராம். வந்த நாள் முதல் சயா பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதையே கேட்டார். "கடைசியா என்ன சொன்னார்? விசில் ஊதினப்புறம் என்ன சொன்னார்?" அப்பா தரையைப் பார்த்தார். கோ சேவியர், "யாரு சயா ரேடியோவத் தொடறது?" என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருவருக்குத் தெரியும். ஜூலையில் ஒரு மதியம் காஜா பாய் குடையோடு வந்து சயாவின் கதவைத் தட்டினார். கையில் நான்காக மடித்த காகிதம். "சிஸ்டர், உள்ளே வரல. இதை மட்டும் சயாகிட்டக் குடுத்துடுங்க" என்றார். மேரி ஆன்ட்டி அவர் முகத்தின் முன்னால் கதவைச் சாத்தினார். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காஜா பாய் என்னைப் பார்த்து, வெட்கப்பட்டதுபோலச் சிரித்துவிட்டு, மழையில் இறங்கிப் போனார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். பதினோரு நாள் கழித்துச் சயா ஆஸ்பத்திரியில் இறந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமலே போனார்.

போன வாரம் மெழுகுவர்த்தி வாங்க அவர் கடைக்குப் போனேன். நம் வரிசையிலிருந்து இப்போது யாரும் அங்கே போவதில்லை. "நீ சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைதானே?" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். "நீ ஆங்கிலம் படிக்கிறே. என்னான்னு சொல்லு. நானும் தெரிஞ்சுக்கறேன்."

கடையின் பின்னறையில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கோணியால் தலையை மூடிக்கொண்டு, அவர் தனியாகவே அந்தக் கடைசி ஆட்டத்தை ரேடியோவில் கேட்டிருக்கிறார். ஒன்றும் புரியவில்லை. விசில் சத்தத்துக்குப் பிறகு துரை பேசியதைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார், சயா வந்து அர்த்தம் சொல்வார் என்று. இரைச்சல் விழுங்கிய இடங்களில் ஒழுங்காகப் புள்ளி வைத்திருக்கிறார். கேட்காததைச் சேர்க்கவில்லை.

"துரை குரல் எப்படி இருந்தது பாய்?" என்று கேட்டேன்.

"சயா குரல் மாதிரி இல்லம்மா. எனக்கு அது ஒரு மாதிரியாப் போச்சு" என்றார்.

நான்கு இரவு அதை வாய்க்குள் படித்துப் படித்துப் பார்த்தேன். ஆங்கிலம் எழும்பி வந்தது. இவ்வளவுதான்: "ஆட்டம் முடிந்தது. மழை விட்டுவிட்டது..... ஆட்கள் வீட்டுக்குப் போகிறார்கள்..... நான் பார்த்தது இவ்வளவே. நல்லிரவு."

ஞாயிற்றுக்கிழமை சயாவின் முப்பதாம் நாள் ஜெபம். ஜெபம் தொடங்கும் முன் இதை மேரி ஆன்ட்டியின் கையில் நானே கொடுப்பேன். அதற்குப் பிறகு அப்பா என்னை என்ன செய்வார் என்று தெரியாது. ஆன்ட்டி என்னை இனி உள்ளே விடமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் ஜெபத்துக்கு முன் யாராவது ஒருவர் சந்தைக்குப் போய்க் காஜா பாயைக் கூட்டிவர வேண்டும். துரையின் கடைசி வார்த்தைகளைச் சயாவின் வீட்டில் அவர்தான் சொல்ல வேண்டும். அர்த்தத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

சயாவின் நோட்டு திரும்பி வரவில்லை. ரேடியோவும் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி மட்டும்தான்.

சுவர் நன்றாக இல்லை, சயா. பேசியது நான்.